பத்து லட்சத்துப் பதினெட்டாயிரத்து எண்பத்தொன்று

என் அக்காவுக்கு நீச்சல் குளத்து வாசலில் வேலை. யாராவது சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் அதன் மேலிருக்கும் எண்ணில் ஒன்று கூடும். மற்றவர்களுக்கு அது வெறும் எண். அக்காவுக்கோ, அதை எது எது வகுக்கும் என்று தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது.

குளத்தின் ஓரத் தடத்துக்கு எப்போதும் அடிதடி. பகா எண்ணில் நுழைகிறவருக்குக் கால் மணி நேரம் அந்தத் தடம் தனியாக என்று அக்காதான் தீர்ப்புச் சொன்னாள். தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதற்கும் வகுபடாத எண்ணுக்குப் பங்காளி இல்லாத தடமாம். ஒரே ஒரு தப்பு வந்தாலும் வழக்கம் ரத்து என்ற நிபந்தனையோடு மேலாளர் சம்மதித்தார். பன்னிரண்டு வருடம் தப்பே வரவில்லை. அந்தப் பெருமையில் அவளைக் கையில் பிடிக்க முடியாது.

தினமும் மாலையில் மறுநாளுக்கான இருநூறு எண்களை நோட்டில் எழுதுவாள். இரண்டின் மடங்குகளை அடிப்பாள், மூன்றின் மடங்குகளை அடிப்பாள், இப்படியே ஆயிரத்துக்குள் இருக்கும் கடைசிப் பகா எண்ணான 997 வரை போவாள். தப்பிப் பிழைத்தவை பகா எண்கள். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். அதுவரை இந்தப் பட்டியல் போதும் என்று அதே குளத்தில் தண்ணீர் சுத்தம் செய்கிற என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். கதவு பத்து லட்சத்தைத் தாண்டியபோது எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தவள், பட்டியலை நீட்ட மறந்துவிட்டாள்.

10,18,081இல் நுழைந்தவர் லிப்ட் மெக்கானிக். ஓரத் தடத்தில் ஆனந்தமாக நீந்திவிட்டு, தலை துவட்டிக்கொண்டே வந்தார்.

“அக்கா, ஆயிரத்து ஒன்பதை ஆயிரத்து ஒன்பதாலயே பெருக்கிப் பாருங்க.”

பெருக்கினாள். அதே எண் வந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றார் அவர். நானும் வேகமாகத் தலையாட்டினேன்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே” என்று நோட்டை எடுத்துக்கொண்டு நேராக மேலாளரிடம் போனாள்.

அவருக்குக் கணக்கு புரியவில்லை, தப்பு என்பது மட்டும் புரிந்தது. கையோடு ரத்து செய்தார். எனக்கு அவள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மாலையும் அவள் பட்டியலில் 1009ஐச் சேர்த்து, மறுநாள் எண்களை அடிக்க உட்கார்ந்தாள். இனி யாருக்காக இதெல்லாம் என்று கேட்டேன். அடுத்த எண்ணை அடித்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் முதலில் வந்தவர் உடை மாற்றப் போகாமல் வாசலிலேயே நின்று, தன் எண் வகுபடுமா என்று கேட்டார். வகுபடும் என்றதும் தானாகவே வேறு தடத்துக்குப் போனார். அடுத்தவரும் கேட்டார். யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. பகா எண் வரும்வரை ஓரத் தடம் காலியாகவே கிடந்தது.

மதியம் மேலாளர் நீந்த வந்தார். கதவு 10,18,283 காட்டியது. காலித் தடத்தையும் பக்கத்துத் தடத்து நெரிசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோளில் துண்டோடு கொஞ்ச நேரம் நின்றார்.

“என்னோடது என்னம்மா?”

“ஏழால வகுபடும் சார்.”

பெருமூச்சு விட்டுக்கொண்டே, ஆறு பேர் முட்டி மோதிக்கொண்டிருந்த இரண்டாம் தடத்தில் இறங்கினார்.