பக்கத்து வீட்டு டிவியின் சத்தம்

டிஷ்ஷை நிறுத்தியது என் கணவர். காரணம் மழை. ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவர் பார்த்துக்கொண்டிருந்த பந்தாட்டத்தில், பெனால்டி உதைக்க ஆட்டக்காரர் ஓடி வந்த நேரத்தில் இடி இடித்தது. திரை கறுத்துவிட்டது. படம் திரும்பி வந்தபோது யாரோ நாலு பேர் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தரப்பு என்று பார்ப்பதற்குள் மறுபடியும் போய்விட்டது. திங்கட்கிழமை போன் போட்டு, பன்னிரண்டு வருடச் சந்தாவை ரத்து செய்துவிட்டார். அன்று மாலையே விரல் நீளத்தில் ஒரு கருவியை வாங்கி வந்து டிவியின் முதுகில் செருகினார். இனிமேல் எல்லாம் இணையத்தின் வழியாகத்தான்.

முதலில் பார்க்க வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள்.

"தம்பி, இதுல தமிழ் எல்லாம் வருமா?"

"எல்லாம் வரும்ணே. போன்ல தேடி எடுத்து டிவிக்கு அனுப்பணும், அவ்வளவுதான்."

"மழை பேஞ்சா?"

"பேஞ்சாலும் வரும்."

அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. அதே வாரம் அவரும் டிஷ்ஷை நிறுத்திவிட்டு அதே கருவியை வாங்கினார். வாங்கிய பிறகுதான் வீட்டில் வைஃபை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. "ஒரே சுவருதானே லா, உங்களுது இந்தப் பக்கம் வராமலா போகும்?" என்றார். என் கணவர் போய் எங்கள் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா ஒரு கிண்ணம் நண்டுப் பிரட்டல் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல பண்டமாற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

அண்ணன் தேடி எடுத்துப் பார்த்ததெல்லாம் விவாத நிகழ்ச்சிகள். ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்துவார்கள். நடுவில் இருப்பவர் அவர்களை அடக்குவதற்காக இன்னும் பலமாகக் கத்துவார். டிஷ் இருந்தபோது இது எப்போதாவது ஒரு மணி நேரம் வந்து போகும். இப்போது ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடியது. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நின்றுவிட்டு வீடு திரும்பினால், சுவருக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசியல் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் கிடந்த என் கைப்பேசி ஒளிர்ந்தது. "ஹால் டிவி" என்று எழுதி, கீழே ஒரு விவாதத்தின் தலைப்பு. அதற்கும் கீழே நிறுத்துவதற்கு ஒரு பொத்தான், சத்தத்துக்கு ஒரு கோடு. எங்கள் டிவி என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் எங்களுடையது அணைந்து கிடந்தது. சும்மா அந்தக் கோட்டை இடது பக்கம் தள்ளினேன்.

சுவர் அமைதியாகிவிட்டது.

ஒரே வைஃபையில் இருப்பதால் அவர் வீட்டுக் கருவி என் கைக்குள் வந்துவிட்டது என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கோட்டைத் திரும்பவும் வலது பக்கம் தள்ளியிருக்கலாம். நான் வெங்காயத்தை நறுக்கி முடித்தேன்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஏழு மணிக்கு விவாதம் தொடங்கும். ஏழு ஐந்துக்கு நான் கொஞ்சம் குறைப்பேன். அவர் கூட்டுவார். இரண்டு நிமிடம் விட்டு மறுபடியும் குறைப்பேன். ஒரேயடியாக இல்லை, படிப்படியாக, கூட்டணி முறிவுக்கு ஒரு படி, பட்ஜெட்டுக்கு ஒரு படி என்று. சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரில் காதை வைத்துக் கேட்பேன். "பேட்டரி வீக்" என்று அவர் சொல்வதும், ரிமோட்டை உள்ளங்கையில் தட்டுவதும் கேட்கும். என் கணவருக்கு நான் எதையும் சொல்லவில்லை. அவர் நல்லவர், காட்டிக்கொடுத்துவிடுவார்.

அண்ணன் இரண்டு முறை பேட்டரி மாற்றினார். பிறகு என் கணவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த டிவி எங்கிட்ட மட்டும் மெதுவா பேசுது."

என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அவர் பார்த்தது காலை பத்து மணிக்கு. அப்போது நான் வேலையில் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாரில் காய்கறி வாங்கும்போது அக்காவைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. "அவருக்குக் காது போயிடுச்சும்மா," என்றார். "டிவி கேக்கலைங்கறாரு. கடையில நாலு பேரு பேசினாத் தப்பாப் பதில் சொல்லிடுவேனோன்னு பசியாறக்கூட வெளிய போறதில்ல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கையில் இருந்த கீரைக்கட்டு கனத்தது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கீரைக்குக் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று மாலை கோட்டைத் தொடவே இல்லை. விவாதம் முழுச் சத்தத்தில் இடித்தது. எனக்கு நல்ல தண்டனை என்று உட்கார்ந்து கேட்டேன்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். மதியம் லிப்டிலிருந்து இருவரும் வந்தார்கள். அண்ணன் சிரித்தபடி வந்தார்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"வலது காது பாதிதான் கேக்குதாம். கிரேன் சத்தம்தான் காரணமாம். ரொம்ப வருஷமாவே இப்படித்தான் இருந்திருக்கும், இவ்வளவு நாள் ஏன் வரலைன்னு டாக்டர் ஏசினாரு."

அவருக்கு உண்மையிலேயே காது மந்தம். அதனால்தான் அவ்வளவு சத்தம் வைத்திருக்கிறார். அது தெரியாமல் நான் அவரோடு விளையாடியிருக்கிறேன். என் விளையாட்டுதான் அவரை டாக்டரிடம் கொண்டு போயிருக்கிறது. வெட்கப்படுவதா, நிம்மதி அடைவதா என்று தெரியாமல், "நல்லதாப் போச்சுண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று வாரத்தில் காதுக்குள் வைக்கும் சிறு கருவி வந்தது. அண்ணன் டிவியைத் தானே குறைத்துக்கொண்டார். சுவர் அமைதியானது. அந்த அமைதி எனக்கு நான்கு நாள்தான் வாய்த்தது. ஐந்தாம் நாள் காலை லிப்டில் என் கணவரிடம் அண்ணன் சொன்னார்:

"தம்பி, மீனுக்காகல்லாம் சண்டை போடாதீங்க லா. தெங்கிரியே வாங்குங்க. உங்க அத்தை வராங்கன்னா வரட்டும், ரெண்டு நாள்தானே."

முந்தின நாள் எங்கள் சமையலறையில் நானும் கணவரும் அடிக்குரலில் பேசியதை அவர் வரி விடாமல் கேட்டிருந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுத்தான்.

மனசு உறுத்திக்கொண்டே இருந்ததால் ஒரு நாள் அக்காவை மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அக்கா தன் கைப்பேசியை எடுத்தார்.

"அது என் போன்லயும் வருமா?" என்றார்.

எங்கள் வைஃபையில் சேர்த்துக் காட்டினேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். கூட்டுவது, குறைப்பது எதுவும் அவருக்கு வேண்டாம். நிறுத்துகிற பொத்தான் எது என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

இப்போதெல்லாம் ஏழரை ஆனால் விவாதம் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். அக்கா அடுக்களையிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவார். போன வாரம் என் கணவர் நெட் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்தார்.

"எல்லாம் ஓகே தம்பி," என்றார் அண்ணன். "சோறு நேரத்துக்கு மட்டும் தானா நிக்குது. நல்ல செட்டிங்தான், அப்படியே இருக்கட்டும்."