ஜாம்பியா கிளப்புக்கு மயிலாப்பூரில் பொன்விழா

என் மாமனாருக்கு விழா எடுக்க ஒரு சாக்கு கிடைத்தால் போதும், ஜுரத்தில் படுத்திருந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மயிலாப்பூரில் ஒரு சபாவுக்குப் பல வருஷம் காரியதரிசியாக இருந்தவர். இப்போது கோட்டூர்புரத்தில் எங்களோடு மைக் இல்லாமல் இருக்கிறார். அதில் கஷ்டம் அவருக்கா எங்களுக்கா என்று என் கணவரைக் கேட்டால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

எங்கள் மாடிப் போர்ஷனில் ஜாம்பியாவிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவன் ஒருவன் குடியிருந்தான். தமிழைத் தேனாம்பேட்டை டீக்கடையில் கற்றுக்கொண்டவன். ஒருநாள் மாடிப்படியில் என்னைப் பிடித்தான்.

"அக்கா, எங்க ஊர் புட்பால் கிளப்புக்கு அம்பது வருஷம் ஆவுது. ஞாயித்துக்கெயம மேட்ச் கீது. ஃப்ரெண்ட்ஸ் வருவாங்கோ, கொஞ்சம் சவுண்டு வுடுவோம். ஓகேவா?"

நான் சரி சொல்வதற்குள் மாமனார் வந்து நின்றார்.

"அம்பது வருஷமா? பொன்விழாடா அது! மாடியில கத்தினா ஆயிடுத்தா?"

பிறகென்ன, அவனை உட்காரவைத்துக் கிளப்பின் வரலாற்றைக் கறந்தார். செம்புச் சுரங்கத்துத் தொழிலாளிகள் ஷிஃப்ட் முடிந்து ஆடிய ஆட்டத்தில் பிறந்த கிளப் அது. சுரங்கம் மூடியபோது கிளப்பையும் மூடியிருக்க வேண்டும். சந்தையில் தக்காளி விற்கும் பெண்கள் கைக்காசு போட்டு நடத்தினார்கள். இவன் அம்மாவும் அதில் ஒருத்தி. ஆட்டக்காரர்களின் ஜெர்ஸியெல்லாம் அவள் துவைத்துக் காயப்போட்டவைதான். இப்போது இவன் தம்பி கோல்கீப்பர். ஐம்பது வருஷத்தில் கிளப் ஒருமுறைகூட முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நடப்பது இந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே தப்பித்துவிடலாம், தோற்றால் இரண்டாம் டிவிஷன். 

மாமனாருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "அம்பது வருஷத்துல ஒரு தடவைகூட ரெண்டா உடையலையா? பிரசிடெண்டும் செக்ரட்டரியும் கோர்ட்டுக்குப் போகலையா? அப்புறம் என்னடா சங்கம் அது!"

"மாமா, மேட்ச் ஆறரைக்கு மாமா. என் தம்பி ஆடுறான்."

"நாலரைலேர்ந்து ஆறு ராகுகாலம். ஆறு அடிச்சதும் விளக்கேத்தறோம், அரை மணியில முடிக்கறோம்."

அரை மணியில் முடிந்த விழாவை நான் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து மயிலாப்பூரில் பார்த்ததில்லை. வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன். என் பேச்சை எப்போது காதில் வாங்கினார், அன்றைக்கு வாங்க?

மயிலாப்பூரில் சின்னதாக ஒரு ஹால். முதல் வரிசையில் சிவப்பு ஜெர்ஸியில் அவன் ஊர் நண்பர்கள். பின்னால், எந்த விழாவானாலும் போண்டா உண்டா என்று விசாரித்துவிட்டு வரும் நிரந்தர ரசிகர்கள். விளக்கு ஏற்றினால் ஃபேன் அணைக்கிறது, ஃபேனை நிறுத்தினால் பிரமுகருக்கு வியர்க்கிறது. கடவுள் வாழ்த்துப் பாட வந்த மாமி, இத்தனை கூட்டத்தை வீணாக்குவானேன் என்று நிரவல், ஸ்வரம் எல்லாம் பாடினாள். மேடையில் நட்டநடு நாற்காலியில், கழுத்தில் ரோஜா மாலை, தோளில் பொன்னாடையோடு அவன் உட்கார்ந்திருந்தான். ஆறரை ஆனதும் மடியில் வைத்துப் போனைப் பார்த்தான். மாமனார் அதைப் பிடுங்கி, கீழே முதல் வரிசையில் இருந்த என்னிடம் நீட்டினார்.

"மேடையில போன் பாத்தா சபைக்கு மரியாதை இல்லை."

எனக்குப் புட்பாலில் ஒரு மண்ணும் தெரியாது. பக்கத்திலிருந்த அவன் நண்பன்தான் போனில் ஆட்டத்தைப் போட்டு, எது நம் கோல், யார் தம்பி என்று காட்டினான். பச்சைச் சட்டையில் ஒல்லியாக ஒரு உருவம் அங்குமிங்கும் பாய்ந்து பந்தைத் தட்டிக்கொண்டிருந்தது. மேடையில் தலைமை விருந்தினர் பேசினார். கால்பந்தைப் பற்றித் தனக்கு அதிகம் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தன் ஆபீஸ் கிரிக்கெட் டீமில் தான் அடித்த ரன்களைச் சொல்ல ஆரம்பித்தார். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் கோல் விழவில்லை என்று கையாட்டினேன். பொறுக்க முடியாமல் போனோடு எழுந்தேன். மாமனார் அங்கிருந்தே முறைத்தார். உட்கார்ந்துவிட்டேன். அடக்கடவுளே, எனக்கு அப்படி எரிச்சலாக வந்தது.

கடைசியில் மாமனார் வரலாறு வாசிக்க எழுந்தார். பந்தை முதலில் உதைத்தவன் தமிழன் என்று ஆரம்பித்து, செம்புச் சுரங்கத்துக்கு வந்து சேரவே வெகுநேரம் பிடித்தது. தக்காளி விற்ற பெண்கள் அவர் வாயில் புரவலர்கள் ஆனார்கள். எப்படியோ முடிவுக்கு வந்து, குரலை ஏற்றினார்.

"தாழ்வு என்பதையே அறியாத சங்கம் இது!"

ஹாலே கை தட்டியது. என் மடியில் இருந்த போனில் பச்சைச் சட்டைக்காரன் ஒரு பக்கம் பாய, பந்து மறுபக்கம் போய் வலைக்குள் விழுந்தது. அதோடு ஆட்டமும் முடிந்துவிட்டது. சிவப்பு ஜெர்ஸிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பின்வரிசைகள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பேசியவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்திய பிறகு ஏற்புரைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து மைக் முன்னால் நின்றான், பேச்சு வரவில்லை. மாமனார் பெருமையோடு, "நெகிழ்ந்து போயிட்டான்" என்றார். அப்போதுதான் என் கையில் போன் அடித்தது. இந்தத் தடவை யாரையும் பார்க்காமல் மேடை ஏறிப்போய்க் கொடுத்தேன். அவன் நண்பனும் பின்னாலேயே ஓடிவந்தான்.

தம்பிதான். போன் ஸ்பீக்கரில் அவன் அழுவது மைக் வழியாக ஹால் முழுக்கக் கேட்டது.  பாஷை புரியாமல் மாமனார் என்னைப் பார்த்தார். நண்பன் மெதுவாகச் சொன்னான்: "நீ பாத்தியாண்ணான்னு கேக்கறான். அவன் தடுத்திருக்கலாமா, ஊர்ல அல்லாரும் அவனால தான்னு சொல்றாங்கோன்னு கேக்கறான்."

ஒரு பந்தைக்கூடப் பார்க்காத அண்ணன், மாலையும் பொன்னாடையுமாக நின்று பதில் சொன்னான். அதையும் நண்பன் எங்களுக்குச் சொன்னான்.

"மொத்த மேட்சும் பாத்தேன்டா. அந்தப் பந்த எவனாலயும் புடிக்க முடியாது."