தட்டுக்குப் போர்த்திய படங்கு

அழகர் ஏணியில் பாதி ஏறிய பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழும். தொழிற்சாலையின் பின்பக்கக் கூரையில் நின்று, தோளில் கிடக்கும் துண்டால் அங்கே பூட்டியிருக்கும் சதுரமான வெள்ளைத் தட்டைத் துடைத்து, ஒரு கும்பிடும் போடுவார். "என்னப்பா, ராத்திரி குளிரா?" என்று ஒரு விசாரிப்பு வேறு. செருப்பு எதற்குக் கழற்றுகிறீர்கள், இது என்ன கோயிலா என்று கேட்டால், "கூரை வழுக்கும்ங்க" என்பார். அப்புறம் ஏன் கும்பிட்டீர்கள் என்றால் பேச்சை மாற்றிவிடுவார்.

கொஸ்லந்தைக்கு மேலே, மலை இடுக்கில் கிடக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. அழகர் தோட்டத்துத் தபால்காரர். முன்பெல்லாம் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவின் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, சிக்னல் எட்டும் ஏழாம் நம்பர் மலை உச்சிக்கு ஏறி, அன்றைய தேயிலைக் கணக்கைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு இறங்குவார். போன வருஷம் மழையில் வழுக்கி விழுந்ததில் இடது முழங்கால் போயிற்று. "போன் நனையலீங்க" என்று அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

இப்போது செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டது. அதை வாங்கித் தரும் அந்தக் கூரைத் தட்டைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. "மேல ஆளுங்க வரிசையா ஓடிக்கிட்டே இருக்காங்க. ஒருத்தரு மலைக்கு அந்தப்பக்கம் போறதுக்குள்ள அடுத்தவரு வந்து புடிச்சுக்குவாரு. நம்ம தட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா போதும்" என்பார். செயற்கைக்கோளை 'அவரு' என்று மரியாதையாகச் சொல்லும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் தோட்டத்து மேனேஜர் தொரை ஒன்று சொல்லியிருந்தார். இந்த மழைக்காலம் முழுக்க ஒழுங்காக வேலை செய்தால்தான் தட்டு இங்கே இருக்கும். இல்லாவிட்டால் கழற்றி அனுப்பிவிட வேண்டியதுதான், அழகரும் பழையபடி மலை ஏற வேண்டியதுதான். மழையும் தொடங்கியது, இணையமும் படுத்தது. பிற்பகல் மழை இறங்கிய உடனே போய்விடும். தட்டைப் பூட்டிய ஷிபான் பண்டாரவளையிலிருந்து வந்து பார்த்தால், காலை வெயிலில் எல்லாம் சரியாக இருக்கும். அழகருக்குச் சோறு இறங்கவில்லை. "என் முட்டி இனி மலை தாங்காதுங்க" என்று கண் கலங்கினார்.

அன்று ஷிபான் மழை வரும்வரை போகாமல் இருந்தான். கூடவே நானும். முதல் துளி விழுந்ததுதான் தாமதம், அழகர் முழங்காலை மறந்து ஏணிக்கு ஓடினார். கக்கத்தில் மனைவி பாக்கியலெட்சுமியின் பழைய படங்கு, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாக்கு. அதைத் தட்டின் மேல் போர்த்தி, நாலு பக்கமும் செருகிவிட்டு நிம்மதியாக இறங்கினார். மழை விட்டதும் எடுத்துவிடுவாராம். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

ஷிபான் தலையில் கை வைத்துக்கொண்டான். "அட அண்ணே, நீங்கதானா! ஈரச் சாக்கப் போட்டு மூடினா அதுக்கு வானம் எப்படித் தெரியும்?"

"நனையுமே தம்பி! கெட்டுப் போச்சுன்னா?"

"நனையிறதுக்குன்னே செஞ்ச சாமான் அண்ணே அது!"

படங்கு கீழே வந்த கொஞ்ச நேரத்தில், ஜன்னலிலிருந்து கிளாக்கர் ஐயாவின் குரல் கேட்டது: "வந்திருச்சு! வந்திருச்சு!"

அழகர் படங்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப என் முட்டிக்கு நானேதான் எதிரியா?" என்றார். முதலில் சிரித்தவரும் அவர்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

மழை வலுத்தது. அழகர் படங்கோடு ஏணியின் முதல் படியில் காலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு அந்தப் படங்கைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, தட்டு நனைவதை அண்ணாந்து பார்த்தபடி மழையிலேயே நின்றார்.