சேவலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி

ஆலென் நகரத்தின் சின்னத்தில், சிவப்புப் பின்னணியில், வெள்ளி நிற விலாங்கு மீன் ஒன்று நெளிந்துகொண்டிருக்கும். தலையில் பொன் முடி, முதுகில் பொன் சிறகு. விலாங்குக்கு முடியும் சிறகும் எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். விலாங்கு எதற்கு என்பதற்கு மட்டும் நேரான விடை உண்டு. ஜெர்மன் மொழியில் விலாங்குக்கு 'ஆல்' என்று பெயர். ஆலென் என்ற ஊருக்கு ஆல், அவ்வளவுதான். பெர்லினுக்குக் கரடி வந்ததும் இதே கணக்கில்தான். அந்த ஊர்ப் பெயருக்கும் கரடிக்கும் தொடர்பில்லை, அது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் சொல் என்று மொழியறிஞர்கள் சொல்வார்கள். கேடயம் வரைந்தவர் அவர்களைக் கேட்கவில்லை. காதில் விழுந்ததை வரைந்துவிட்டுப் போனார். இப்படிப்பட்டதை இங்கே 'பேசும் கேடயம்' என்கிறார்கள். எழுத்தறியாதவனும் கேடயத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடுவான். தமிழ்க் காது ஒன்று வரைந்திருந்தால் ஆலெனில் ஆலமரம் நின்றிருக்கும்.

நானும் என் நண்பரும் அந்த எழுத்தறியாதவர்களாகத்தான் ஆலெனில் வந்து இறங்கினோம். அகதி விடுதியில் ஒரே அறை, இரண்டு கட்டில். யாழ்ப்பாணத்தில் படித்த படிப்பெல்லாம் பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்ததை வாசிக்க உதவவில்லை. ஆகவே படங்களைப் பார்த்தோம். நகரசபை வாசலில் அந்தச் சின்னத்தை முதலில் கண்டவர் நண்பர். சப்பாத்தைக் கழற்றாத குறையாக நின்று கும்பிட்டார்.

"அண்ணை, முடி வைச்ச நாகம். இந்த ஊர் எங்களைக் கைவிடாது."

"சிறகு எதுக்கு?"

"குளிர் நாடெல்லோ. ஏதும் தேவைக்கு முளைச்சிருக்கும்."

அவருடைய தகப்பனாரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதன் முன்பாதி நாகம் என்று தெரிந்தால் போதும். தகப்பனே முன்னால் வந்து வாசலில் நிற்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

மொழி வகுப்பில் உண்மை தெரிந்த அன்றே அறைக்கு வந்து, அது பாம்பில்லை, மீன் என்று சொன்னேன். "அவங்களுக்கு மீன், எனக்கு நாகம்," என்றார். சந்தையில் புகைபோட்ட விலாங்கு விற்பார்கள். இன்றுவரை அவர் அதை வாயில் வைத்ததில்லை.

மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்கு அப்போது அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெருந்தெரு ஓரத்தில் போய் நின்று, போகிற வண்டிகளில் இருந்த சின்னங்களைப் பார்த்து ஊர்களை ஊகிப்போம். பன்றியும் ஓடையும் போனால், "பன்றியோடை எண்டு ஒரு ஊர் இருக்குது, எழுதி வையுங்கோ" என்பார். பிறகு தேசப்படத்தில் பார்த்தால் உண்மையிலேயே இருக்கும். இப்போது ஒரு மாதச் சீட்டு வாங்கினால் பிராந்திய ரயில்களில் நாடு முழுக்கப் போகலாம். பக்கத்து நகரமான ஹம்மில்தான் இப்போது இருக்கிறேன், ரயில் நிலையம் வீட்டிலிருந்து நடை தூரம். நான்தான் போவதில்லை. போகக் கூடாது என்று இருந்தபோது அந்த ஊர்கள் இன்னும் அழகாக இருந்தன.

பிறகு நான் நகரசபை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, மற்றவர்களுடைய விண்ணப்பங்களோடு கிடந்து ஓய்வு பெற்றேன். அவர் குழாய்த் தொழிற்சாலைக்குப் போனார். முதல் நாளே மேற்பார்வையாளர் அவருடைய அட்டையில் இருந்த தகப்பன் பெயரை வாசிக்கத் தொடங்கி, இரண்டு அசையோடு களைத்துப்போய், 'நாகெல்' என்று நிறுத்திவிட்டார். ஜெர்மனில் நாகெல் என்றால் ஆணி. பென்சன் எடுக்கும்வரை அவர் அங்கே ஆணிதான். கோடை விருந்தில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனால், நாலு மூலையிலிருந்தும் 'நாகெல்!' என்று கத்துவார்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. "நாகத்தை ஆணியாக்கிப் போட்டாங்கள்," என்பார்.

போன வசந்தத்தில் அந்த மகளுக்குக் கல்யாணம் பேச்சாயிற்று. மாப்பிள்ளை ஜெர்மன்காரன், நல்ல பெடியன். அவர்களுடைய குடும்பப் பெயருக்குச் சேவல் என்று பொருள். அவர்கள் வீட்டு நடையில் ஒரு காலைத் தூக்கிய சிவப்புச் சேவல் பொன் கேடயத்தில் நின்றது. பெடியனின் தகப்பன் அதன் வரலாற்றை நிதானமாகச் சொல்லி முடித்து, உங்களுக்கும் ஏதாவது உண்டா என்று மரியாதைக்குக் கேட்டார்.

நண்பர், "ஓம், இருக்குது. பாம்பு," என்று ஜெர்மனில் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, பாம்புக் கேடயத்துக்கு எங்க அன்த்ராக் போடுறது?"

"விண்ணப்பம் ஒண்டும் தேவையில்லை. ஆரும் தனக்கெண்டு ஒண்டை வைச்சுக்கொள்ளலாம், மற்றவன்ரையாய் இல்லாட்டில் சரி. விரும்பினால் ஒரு சங்கத்தில காசு கட்டிப் பதியலாம்."

அவர் நம்பவில்லை. நான் மட்டும் நம்பினேனா? வேலியை ஒரு முழம் உயர்த்த அனுமதி கேட்கிற நாட்டில், பரம்பரைப் பெருமைக்கு அனுமதி வேண்டாம்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் பிறகுதான் வந்தது. மகள், கல்யாணத்துக்குப் பிறகு சேவல் பெயரையே எடுக்கப் போகிறாளாம். "ஒரே பிள்ளை. என்ர அப்பாவின்ர பேர் அவளோட முடியுது. எங்களுக்கும் கேடயத்தில ஒரு வாப்பன் இருந்தால் யோசிப்பாள்."

அங்கேயே மேசையில் இருந்த விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் கீறினார். நீலத்தில் பச்சைப் பாம்பு. நிறத்தின் மேல் நிறம் வைக்கக் கூடாது, ஒன்றாவது பொன்னோ வெள்ளியோ ஆக இருக்க வேண்டும் என்றேன். "பாம்புக்குமோ விதி?" என்று முணுமுணுத்துக்கொண்டு, வெள்ளிக்குப் பதிலாக வெள்ளைப் பாம்பு கீறினார். படத்தைத் தொங்கவிட ஒரு நல்ல ஆணி கூட அவரால் நேராக அடிக்க ஏலாது. பாம்பு எப்படி வரும்?

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள், நானும் போயிருந்தேன். நண்பர் தாளை மேசையில் வைத்தார். மாப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு, முகம் மலர, "ஓ, நாகெல்! பேசும் கேடயம்," என்றான். தொழிற்சாலைப் பெயரை மகள் அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

தாளில் இருந்த பாம்பு விரிந்த தலையோடு, சற்று வளைந்து, உண்மையிலேயே ஓர் ஆணியாகத்தான் இருந்தது. நண்பருக்கு முகம் கறுத்துவிட்டது.

"அது நாகம்," என்றார் தமிழில். "என்ர அப்பா."

"அதுதானே அப்பா," என்றாள் மகள். "அது தாத்தா. நான் அவரைக் கண்டதும் இல்லை. எங்கட முறையில எனக்கு முன்னால வாறது உங்கட பேரெல்லோ? பெரியப்பா, சொல்லுங்கோவன்."

அந்தப் பெரியப்பா நான்தான். அவள் சொன்னது சரி. இந்த நாட்டில் காலடி வைத்த அன்று குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லோரும் தகப்பன் பெயரைக் கொடுத்தோம். அதனால் எங்கள் மனைவிமார் மாமனாரின் பெயரைச் சுமந்தார்கள். பிள்ளைகள் தாத்தாமாரின் பிள்ளைகளானார்கள். நண்பருடைய சொந்தப் பெயர் அவர் மகளின் எந்தப் பத்திரத்திலும் குடும்பப் பெயராக இல்லை.

"இப்ப ரெண்டு பேருமே ரெட்டைப் பேர் வைக்கலாம்," என்றேன். புதிய சட்டம். யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்தது.

"வேண்டாம் பெரியப்பா. ஒவ்வொரு ரெலிபோனிலயும் எழுத்தெழுத்தாச் சொல்லி அலுத்துப் போச்சு. நான் அவையின்ர பேரைத்தான் எடுக்கிறன்." பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள். "ஆனால் வாப்பன் செய்வம். பாம்பு வேண்டாம். ஆணியைப் போடுவம். அது ஒண்டுதான் இங்க உங்களுக்கெண்டு குடுத்த பேர். நான் சின்னனில அதைத்தான் எங்கட பேர் எண்டு நினைச்சனான்."

"விசரி. மனுசர் ஆணியைத் தொங்கவிடுறதோ? ஆணியிலதான் மற்றதைத் தொங்கவிடுறது."

மாப்பிள்ளைக்கு மொழிபெயர்த்தேன். அவன் சிரித்தது பிழையான இடத்தில், ஆனால் நல்ல மனத்தோடு.

கடைசியில் நண்பர் ஆணிக்குச் சம்மதித்தார். அதற்குக் காரணம் பாசம் என்று எழுத ஆசைதான். கல்யாணக் கேடயங்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்தால், மாப்பிள்ளை வீட்டு விலங்கு பெண் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதை நான் எடுத்துச் சொன்னேன். "அப்ப அந்தச் சேவல் என்ர ஆணியைப் பாத்துக்கொண்டு நிக்க வேணுமோ?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

பதிவு அலுவலகத்தில் முன்வரிசையில் நானும் அவரும். அதிகாரி பெயரைக் கேட்டார். மகள் தெளிவாகச் சேவல் பெயரைச் சொன்னாள்.

"அண்ணை," என்றார் காதுக்குள். "இதுக்கு விடர்ஷ்புரூக் போட ஏலாதோ?"

"ஏலாது. அவள் சொன்னால் முடிஞ்சுது."

"ஒரு மாதத் தவணை கூட இல்லையோ?"

"இல்லை."

அதிகாரிகளின் எத்தனையோ முடிவுகளுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து மாதத் தவணைக்குள் விடர்ஷ்புரூக், அதாவது ஆட்சேபம், எழுதியிருக்கிறோம். பாதி வென்றோம். இதற்கு எழுத என்னிடம் ஒரு வரியும் இருக்கவில்லை.

எல்லோரும் எழுந்தார்கள். நண்பர் எனக்கு முன்னால் போய் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். புதிய பெயரைச் சொல்லி, திருமதி என்று ஜெர்மன் முறையில் அவளை அழைத்து வாழ்த்தினார். நீட்டவேண்டிய இடத்தில் நீட்டி, ஓர் எழுத்தும் பிசகாமல். வீட்டில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். அவருடைய பெயரை அப்படி முழுதாகச் சொன்ன ஜெர்மன்காரர் ஒருவரை நான் இன்றுவரை கண்டதில்லை.