அல்போன்சாவும் நூறு சதவீதமும்

எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதற்கு விளம்பரமாகிவிடும். வருடா வருடம் மே மாதம் கேட்டில் துணி கட்டி, எஸ்.எஸ்.எல்.சி.யில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்கிற பள்ளிக்கூடத்துக்கு நான் வேறு எதற்கு? பிரேசர் டவுனில் மாதா கோயிலை ஒட்டியே இருந்தது. முன்னால் இருக்கும் கல் கட்டடம் இங்கிலீஷ் மீடியம். பின்னால் ஷீட் போட்ட நீளக் கட்டடம் தமிழ் மீடியம். நாங்கள் பின்கட்டடத்துப் பிள்ளைகள். அந்த நூறு எப்படி வருகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அல்போன்சாவை வைத்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

உட்கார்ந்திருந்த என்று சொல்வதே தப்பு. அவளை எங்கே உட்காரவிட்டார்கள்?

அல்போன்சாவின் அப்பா மதலைமுத்து கோல்ஸ் ரோட்டில் ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை பார்த்தார். பாட்டரி டவுனில் ஒற்றை அறை வீடு. மூன்று பெண்களில் இவள் மூத்தவள். கறுப்பாக, ஒல்லியாக, பார்த்தால் பத்தோடு பதினொன்றாக இருப்பாள். வாயைத் திறந்து பாடினால்தான் அவள் யாரென்று தெரியும். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் பிரேயரில் அவள் குரலைக் கேட்ட தலைமையாசிரியை சிஸ்டர் லவினா அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பாட்டு அல்போன்சா. அக்டோபர் முழுவதும் ஜெபமாலை சொல்ல அல்போன்சா. தவக்காலத்தில் சிலுவைப்பாதை வாசிக்க, டிசம்பரில் குடில் கட்ட, பீடத்துக்குப் பூ வைக்க, கோயில் துணிகளுக்கு இஸ்திரி போட, எல்லாவற்றுக்கும் அல்போன்சா. ஆயர், அதாவது பிஷப், வருகிறார் என்றால் ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே வரவேற்புப் பாட்டுப் பயிற்சி. சிஸ்டருக்கு ஓய்வு கிடைப்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு. பியூன் வந்து வாசலில் நின்று, அல்போன்சாவை சிஸ்டர் கூப்பிடுகிறார் என்பார். அவள் எழுந்து போவாள். மூன்று வருடம் இப்படி.

இங்கிலீஷ் மீடியத்திலும் நன்றாகப் பாடுகிற பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை வகுப்பு நடக்கும்போது எழுப்ப மாட்டார்கள். எழுப்பினால் மறுநாளே அவர்களுடைய அப்பா காரில் வந்து இறங்கி ஏன் என்று கேட்பார். மதலைமுத்து கேட்பாரா? மகளைச் சாமி காரியத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பேக்கரியில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போன மனிதர் அவர்.

கணக்கு எடுத்த ரங்கநாதன் சார் ஒரே ஒரு முறை ஆபீசுக்குப் போய், பயிற்சியை வேறு நேரத்துக்கு மாற்றக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். அங்கே என்ன பதில் வாங்கினாரோ, அதற்குப் பிறகு பியூன் வந்தால் கரும்பலகையை விட்டுத் திரும்பவே மாட்டார். போ என்று முதுகுக்குப் பின்னால் கையை மட்டும் ஆட்டுவார்.

அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பாடும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும். எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் மஸ்ஜித் ரோட்டில் ஜாக்கெட் தைக்கிறவருடைய மகள், கும்பிடுவது மாரியம்மனை. அப்படிப்பட்ட எனக்கே அவள் பாடினால் கண் கலங்கும். பாடி முடித்து வந்து, சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து என் நோட்டைப் பார்த்துக் கணக்குகளை எழுதிக்கொள்வாள். பார்த்து எழுதினால் கணக்கு வருமா? எனக்கே அரைகுறை. நான் அவளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்க?

பத்தாம் வகுப்பில், பொதுத் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வில் அவள் கணக்கில் தோற்றாள். அவளோடு இன்னும் நான்கு பேர். ஐந்து பேரும் பின்கட்டடம். அது தொண்ணூற்றெட்டாம் வருடம். முந்தைய சில வருடங்களாக நூறு தவறாமல் வந்துகொண்டிருந்தது. அந்த ஐந்து பேருடைய அப்பா அம்மாவையும் சிஸ்டர் தனித்தனியாக ஆபீசுக்குக் கூப்பிட்டார். மதலைமுத்து வேலையிலிருந்து நேராக, சட்டையில் மாவோடு வந்து நின்றார்.

போர்டிலிருந்து எல்லோருக்கும் ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அல்போன்சாவுக்கும் வந்துவிட்டது. அது சிஸ்டருடைய பீரோவுக்குள் இருந்தது. என் மகளுக்கு உடம்பு சரியில்லை, இந்த முறை தேர்வு எழுதவில்லை, செப்டம்பரில் எழுதிக்கொள்வாள் என்று அப்பா தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்வே எழுதாதவள் தோற்றவர்கள் கணக்கில் வர மாட்டாள். அவ்வளவுதான் சூட்சுமம். சிஸ்டர் மங்களூர்க்காரர், தமிழைக் கன்னடத்தோடு கலந்துதான் பேசுவார், பாருங்கள் என்பதற்கு நோடி என்பார்.

"நோடி மதலைமுத்து, பிள்ளைக்குக் கணக்கு வரல. சும்மனே எழுதி ஃபெயில் ஆகுறது எதுக்கு? செப்டம்பர்ல நிதானமா எழுதட்டும். நான் அவளுக்காக டெய்லி ஜெபம் பண்றேன்."

மதலைமுத்து சரி என்றுதான் தலையாட்டினார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுதிக்கொண்டு வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் மகளுக்குத்தான் புத்தி சொன்னார். சிஸ்டர் எது சொன்னாலும் நம் நல்லதுக்குத்தான் சொல்வார்கள் என்றார். உடம்புக்கு ஒரு குறையும் இல்லாத பெண்ணை நோயாளி என்று எழுதித்தரச் சொல்கிறார்கள், அது நல்லதுக்காம்.

மறுநாள் குழாயடியில் இதையெல்லாம் அல்போன்சா என்னிடம் சொன்னாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும். அழவில்லை. அவளுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"கணக்கு வரலையாம் சரசு. என்னை எங்கடி கணக்குல உக்கார விட்டாங்க? கோயில் துணிக்கு இஸ்திரி போடக் கூப்பிடும்போது அது வருமா வராதான்னு யாராச்சும் கேட்டாங்களா?"

நான் ரங்கநாதன் சாரிடம் சொல்வோமா என்றேன். அவர் போய் வாங்கிக்கட்டிக்கொண்டது போதாதா என்றாள். அப்பா எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவளுடைய பயமெல்லாம். செப்டம்பர் வரை வீட்டில் இருக்கும் பெண்ணைப் பேக்கரியில் பொட்டலம் போட அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன பெண்கள் திரும்பி வந்து தேர்வு எழுதியதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளியில் தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஹால் டிக்கெட் மந்திரிக்கும் பூசை நடக்கும். ஹால் டிக்கெட், பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் மல்லிகைப்பூ வைத்த தட்டுகளில் அடுக்கிப் பீடத்துக்குக் கொண்டுபோக, பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்லித் திருப்பித் தருவார். இந்து, கிறிஸ்தவர் என்று கிடையாது, எல்லாப் பிள்ளைகளும் பெற்றோரோடு வருவோம். தேர்வு பயம் யாரை விட்டது? தமிழ்ப் பூசைக்குக் கோயில் நிறைந்துவிடும்.

அந்தப் பூசைக்குப் பாட யாரைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? அல்போன்சாவைத்தான். ஹால் டிக்கெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு, மற்றவர்கள் ஹால் டிக்கெட்டுக்குப் பாட வா என்று அதே பியூனை வீட்டுக்கே அனுப்பினார் சிஸ்டர். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஆனால் அவள் வந்தாள். இஸ்திரி போட்ட யூனிபார்மில், எண்ணெய் வைத்துப் பின்னிய சடையோடு வந்தாள். மதலைமுத்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுதிய தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது. பூசை முடிந்ததும் கொடுப்பதாக ஏற்பாடு.

பிரசங்கம் முடிந்து மன்றாட்டு நேரம் வந்தது. மன்றாட்டு என்றால், ஒருவர் மைக்கில் ஒவ்வொரு வேண்டுதலாக வாசித்து "உம்மை மன்றாடுகிறோம்" என்று முடிப்பார், உடனே மொத்தக் கோயிலும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். வேண்டுதல் என்னவென்று யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். கடைசி வார்த்தை வந்ததும் வாய் தானாகச் சொல்லிவிடும். எனக்கே அப்படிப் பழகியிருந்தது என்றால், பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர்களைக் கேட்க வேண்டுமா?

அல்போன்சா சிஸ்டர் எழுதிக் கொடுத்திருந்ததைப் பார்த்து வாசித்தாள். திருத்தந்தைக்காக, ஆயருக்காக, மழைக்காக, நோயாளிகளுக்காக, தேர்வு எழுதும் மாணவிகளுக்காக. ஒவ்வொன்றுக்கும் கோயில் பதில் சொன்னது. பிறகு தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தாள். அதே வாசிக்கிற குரலில் தொடர்ந்தாள்.

"பள்ளிக்கு நூறு சதவீதம் வரணும்னு, உடம்பு சரியில்லைன்னு பொய்யா எழுதி வாங்கி, ஹால் டிக்கெட்டைக் கொடுக்காம பீரோவில் வச்சிருக்கிற எங்கள் ஐந்து பேருக்கும் நியாயம் கிடைக்க வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

கோயில் முழுக்கச் சொன்னது. முதல் வரிசையில் கைகூப்பி நின்ற சிஸ்டர் லவினாவும் சொன்னார், நான் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்பது ஒவ்வொருவருக்காக உறைத்தது. பெண்கள் பக்கம் முதலில் சலசலப்பு எழுந்தது, பிறகு ஆண்கள் பக்கம். பள்ளிக்குத் தாளாளரும் பங்குச் சாமியார் ஃபாதர் ஜெயராஜ்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்துக் காணிக்கைப் பாட்டு. தொடங்க வேண்டியவள் அல்போன்சா. தட்டு ஏந்திய பிள்ளைகள் நடுவழியில் பாட்டுக்காக நின்றார்கள். அவள் மைக்கை அதன் இடத்தில் வைத்துவிட்டு, நடந்து போய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் சிஸ்டரே பாட்டைத் தொடங்க வேண்டியதாயிற்று. எட்டாத சுருதியில் பிடித்துவிட்டார், கூடப் பாட யாராலும் முடியவில்லை.

பூசை முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மற்ற நான்கு பேருடைய வீட்டாரும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் எங்கள் வீட்டார். என் அப்பா வாயில்லாப் பூச்சி, அவர்கூட நின்றார். சிஸ்டர் நேராக அல்போன்சாவிடம் வந்தார். பீடத்துக்கு முன்னால் நின்று பள்ளிக்கூடத்தின் மானத்தை வாங்கிவிட்டாய் என்றார்.

"நான் ஜெபம்தான் பண்ணேன் சிஸ்டர். நீங்களும்தானே பதில் சொன்னீங்க."

மதலைமுத்து நடுவில் வந்தார். கையெடுத்துக் கும்பிட்டே பழகிய மனிதர் அன்றைக்குக் கும்பிடவில்லை. சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து எல்லோர் முன்னாலும் கிழித்தார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. எம்பொண்ணுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு சிஸ்டர் என்று மட்டும் சொன்னார். கூட்டம் நகர்கிற மாதிரி இல்லை. ஃபாதர் ஜெயராஜ் சிஸ்டர் காதில் ஏதோ சொன்னார். பீரோ சாவி வெளியே வந்தது.

ஐந்து ஹால் டிக்கெட்டும் வந்தன. ஃபாதருக்கு என்ன தோன்றியதோ, தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டு வந்து, இதையும் மந்திரித்துத் தரட்டுமா மகளே என்று கேட்டார்.

"வேணாம் ஃபாதர். தண்ணி பட்டா நம்பர் அழிஞ்சிடும்" என்றாள் அல்போன்சா.

கதை இங்கேயே முடிந்தால் எனக்கும் நன்றாகத்தான் இருக்கும். ரிசல்ட் வந்தது. அந்த ஐந்து பேரில் நான்கு பேர் தேறினார்கள். அல்போன்சா எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் மட்டும் தோற்றாள். நூறு போனது. கேட்டில் துணி கட்டவில்லை. அந்தச் சிஸ்டர் சொன்னது சரியாய்ப் போச்சு பார்த்தீர்களா என்று கோயில் வாசலிலேயே நின்று பேசினார்கள். மூன்று வருடக் கணக்கு வகுப்பைத் திருடிக்கொண்டவர் சொன்ன ஜோசியம் பலிக்காமல் என்ன செய்யும்? அதைச் சொல்ல ஒரு வாய் இல்லை. எனக்குச் சாமி மேல் கோபம் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அந்த வாய்களின் மேல்தான்.

மதலைமுத்து மகளைப் பேக்கரிக்கு அனுப்பவில்லை. ரங்கநாதன் சார் செப்டம்பர்த் தேர்வுக்காகத் தன் வீட்டில் மதியம் கணக்கு சொல்லிக்கொடுத்தார். நானும் துணைக்குப் போவேன். ஆகஸ்ட் கடைசியில் மாதா திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபமான நவநாள் தொடங்க இருந்தது. ஆயர் வருகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு மதியம் நாங்கள் படித்துக்கொண்டிருந்தபோது பள்ளியின் அதே பியூன் வாசலில் வந்து நின்றார். அல்போன்சாவைப் பாட்டுப் பயிற்சிக்கு சிஸ்டர் கூப்பிடுகிறார், பழசையெல்லாம் மறந்துவிட்டாராம், மூன்று மணிக்கு வரச் சொன்னார் என்றார்.

சார் கையை ஆட்டவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அல்போன்சா பென்சிலைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"அந்த நேரம் எனக்குக் கணக்கு இருக்குன்னு சொல்லிடுங்க அண்ணே."