பொன்னாடை உண்டு, அறை இல்லை

நோர்வேயில் விளையாட்டுக் கழகங்கள் கக்கூசுப் பேப்பர் விற்றுத்தான் சீவிக்கின்றன. பகிடியில்லை. சனிக்கிழமைகளில் ஒஸ்லோவின் ட்வெய்ட்டா கடைத்தொகுதி வாசலில் பிள்ளைகளும் பெற்றோருமாக, மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்துக்கொண்டு நிற்போம். சம்பளமில்லாத இந்தக் கூட்டு வேலைக்கு டுக்னாட் என்று பெயர். உலகத்துக்கே தாங்கள் கண்டுபிடித்துக் கொடுத்ததுபோல நோர்வேக்காரர் பெருமைப்படுவார்கள். சிரமதானம் எங்களுக்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும் என்றால் இரக்கத்தோடு புன்னகைப்பார்கள்.

அன்று என் மகள் மிதுலாவின் காற்பந்து அணியோடு எசியும் நின்றாள். எசி கானாவின் தேசிய அணியில் முன்வரிசை ஆட்டக்காரி. ஒஸ்லோவில் எங்கள் கழகத்தின் பெண்கள் அணிக்குக் கோல் போடுபவள். மிதுலாவின் அணிக்குப் பயிற்சியும் கொடுத்தாள். நாயோடு வந்த ஒரு மூதாட்டி பேப்பரை வாங்கிக்கொண்டு அவளிடம், புதிதாக வந்த அகதியிடம் பேசுவதுபோல, மிக மெதுவாக, சொல் சொல்லாகக் கேட்டார்:

"இது உன் வேலைப்பயிற்சியா? மொழி பழக நல்ல இடம்."

"நான் காற்பந்து விளையாடுகிறவள்."

"நல்லது. பொழுதுபோக்கும் தேவைதான்."

பத்திரிகைகளும் இந்த மூதாட்டியின் ரகம்தான். நோர்வேக்காரி கோல் போட்டால் ஆட்டத்தைப் புரிந்து ஆடினாள் என்று எழுதும். எசி போட்டால் இயற்கையான வேகம், உடற்பலம். கறுப்புப் பெண்ணுக்குக் கடவுள் காலை மட்டும்தான் கொடுத்தார் போலும். எசி கானாவின் குமாசி நகரில் செம்மண் வெளியில் பையன்களோடு தொடங்கியவள். அவர்கள் இடித்துத் தள்ளுவார்கள் என்பதால், பந்து எங்கே விழும் என்று முதலே கணித்து நிற்கப் பழகினாளாம். பிறகு இளையோர் அணி, தேசிய அணி, சுவீடனில் பனிக்குள் சில பருவங்கள், முழங்காலில் சத்திரசிகிச்சை, ஒஸ்லோ. தேசிய அணிக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் இங்கே தன் இடத்துக்காக முதலிலிருந்து போராட வேண்டும். யாழ்ப்பாணத்தில் என் ஓட்டமோ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோடு சரி. பெரியபிள்ளையானதும் "இனி என்ன ஓட்டம்?" என்று அம்மா நிற்பாட்டிவிட்டார். மிதுலா எசியோடு ஓடுவதைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

வசந்தத்தில் கழகம் எசிக்குக் கொடுத்திருந்த வீட்டைத் திருப்பிக் கேட்டது. ஒப்பந்தத்தை நீட்டுவார்களாம், இருப்பிடத்தை அவளே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரில் ஒரு கழகம் வீட்டோடு அழைத்தது. "இந்தப் பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லை. ஒரு அறை கிடைத்தால் இங்கேயே இருந்துவிடுவேன்" என்றாள். விளம்பரம் பார்த்துத் தொலைபேசி எடுத்தால், பெயரைக் கேட்டதும் அறை போய்விடும். எங்கள் அடுக்குமாடியிலோ எங்களுக்கே இடமில்லை. ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் அக்காவின் கணவருக்குப் பெரிய வீடு. வாடகைக்கு விடும் கீழ்த்தள வீடு, இங்கத்தைய பேச்சில் ஹீபெல், மாதக்கணக்காக வெறுமையாகக் கிடந்தது. போய்க் கேட்டேன்.

"கறுப்புக்கு வீட்டைக் குடுத்தா சனம் என்ன கதைக்கும், பிள்ளை?" என்றார் அத்தான்.

"நாங்கள் என்ன வெள்ளையே, அத்தான்?"

"அது வேற, இது வேற. உந்த ஆக்கள் பாட்டைப் போட்டுட்டு ஆடுவினம்."

அவர் வீட்டில் கரோக்கே முழங்காத வெள்ளிக்கிழமை கிடையாது. வந்த புதிதில் கறி மணக்கும் என்று வெள்ளைக்காரன் தனக்கு அறை மறுத்த கதையை, ஒவ்வொரு விருந்திலும் கண் கலங்கச் சொல்பவரும் இவரேதான்.

ஆனி மாதம் எங்கள் தமிழர் விளையாட்டு விழா வந்தது. அத்தான்தான் தலைவர். கானாவுக்காக எசி போட்ட கோல்களின் காணொளி அப்போது எல்லோருடைய கைப்பேசியிலும் ஓடியது. பிரதம விருந்தினராக அவளையே கூப்பிட்டார். வெட்கம் மருந்துக்கும் இல்லை. விளக்கேற்ற வைத்து, மாலை போட்டு, "இவ எங்கட வீட்டுப் பிள்ளை" என்று ஒலிவாங்கியில் முழங்கிப் பொன்னாடை போர்த்தினார். அந்தச் சரிகைத் துணிக்குள் வியர்த்தபடி எசி நோர்வேஜிய மொழியில் பேசினாள்.

"நன்றி. எனக்கு இந்த மாத முடிவுக்குள் ஒரு அறை வேண்டும். உங்களில் யாரிடமாவது இருக்கிறதா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு கூட்டமே சிரித்துக் கைதட்டியது. "நல்ல பகிடிக்காரி!" என்று அத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார். நோர்வேஜிய மொழி அங்கே எல்லோருக்கும் விளங்கும். எசி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிதுலா எழுந்தாள். "பெரியப்பா, அவ உண்மையாத்தான் கேக்கிறா. உங்கட ஹீபெல் சும்மாதானே கிடக்கு?"

அடுத்த நிகழ்ச்சி கயிறிழுத்தல் என்று அறிவித்தார்கள்.

எசி பேர்கனுக்குப் போனாள். இலையுதிர்காலத்தில் பேர்கன் அணி ஒஸ்லோவுக்கு ஆட வந்தது. நானும் மிதுலாவும் எங்கள் கழகத்தின் சட்டையோடு போயிருந்தோம். அத்தானும் வந்திருந்தார், "எங்கட ஆள்" என்று நண்பர்களுக்குக் காட்டுவதற்கு. இரண்டாம் பாதியில் எசி எங்கள் வலைக்குள் கோல் போட்டாள். பழைய கழகத்துக்கு எதிராகப் போட்டால் கொண்டாடாமல் தலைகுனிந்து நடப்பதுதான் வழக்கம். எசி கையை விரித்துக்கொண்டு, ஒஸ்லோக்காரர் இருந்த பக்கத்துக்கே ஓடிவந்தாள்.

"உதென்ன மரியாதையில்லாத வேலை?" என்றார் அத்தான்.

"இருக்க இடம் குடுத்தவைக்குத்தான் மரியாதை, அத்தான்."

மிதுலா எழுந்து கைதட்டினாள். நானும் எழுந்தேன். முன்னால் இருந்த நோர்வேக்காரி திரும்பி எங்கள் சட்டைகளைப் பார்த்தாள், பிறகு எங்கள் கைகளைப் பார்த்தாள். சுற்றிலும் ஒருவர்கூட எழும்பவில்லை. நாங்கள் இருவரும் ஒஸ்லோச் சட்டையோடு தட்டிக்கொண்டே நின்றோம்.