வியன்னாவில் வேண்டாமென்ற சூப்

எனக்குச் சொந்த ஊர் ஆலங்குடி. பல வருட ஆசையாக, முதுகில் ஒரு பையோடு தனியாக ஐரோப்பாவுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசி பார்ப்பதுதான் திட்டம். ஆனால் எதுவுமே ருசிக்கவில்லை. "நல்லாருக்குல்ல?" என்று கேட்க எதிரே ஆள் வேண்டுமே!

வியன்னாவில் நான் தங்கிய விடுதி ஊருக்கு வெளியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது என்பது தெரியாமல், காலையிலிருந்து பட்டினி. மதியம் விடுதியின் பொதுச் சமையலறையில் ஒரு வயதான தம்பதி உருளைக்கிழங்கு சூப் வைத்தார்கள். "சாப்பிடுகிறாயா?" என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார்.

"வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்" என்றேன். நம்ம பக்கம் முதல் தடவை அப்படித்தானே சொல்வோம்? கையைப் பிடித்துத் தங்கள் மேசையில் உட்கார வைப்பார் என்று மூலை நாற்காலியில் காத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டுக் கணவருக்குப் பரிமாறினார்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா போன் செய்தார்.

"சாப்ட்டியாடி?"

"சாப்ட்டேம்மா."

போனை வைத்துவிட்டு எழுந்தேன். கண் இருட்டியது. விழித்தபோது தரையில் கிடந்தேன். அந்த அம்மாள் என்னைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, சூப்பை ஊட்டிவிட்டார். உப்புக் குறைச்சல்தான். அழுதுகொண்டே முழுவதையும் குடித்தேன்.

இப்போதெல்லாம் யார் "சாப்புடுங்க" என்றாலும் முதல் தடவையே உட்கார்ந்துவிடுகிறேன். "வெளிநாடு போய்ட்டு வந்து இவளுக்குக் கூச்சமே இல்லாமப் போச்சு" என்று சின்னம்மா கேலி செய்கிறார். செய்யட்டும். இரண்டாம் தடவை கேட்க ஆளில்லாத ஊரில் அவர் பசியோடு உட்கார்ந்ததில்லை.